90 நாள் டெஸ்ட்... சிப்காட் கேட்டில்!

காலையில் சென்ட்ரலில் இருந்து கிளம்பும் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஒருநாள் ஏறிப் பாருங்கள். மீஞ்சூர், பொன்னேரி எல்லாம் தாண்டின பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் சில முகங்களை ஈஸியாகக் கண்டுபிடித்துவிடலாம். இன் பண்ணின சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, மடியில் கனமான ஒரு பை. பைக்குள் கேட்லாக், சாம்பிள், கட்டுக் கட்டாக விசிட்டிங் கார்டு. காதில் ஹெட்போன் இருக்கும். ஆனா பாட்டு ஓடாது! ராத்திரி மேனேஜர் அனுப்பின வாய்ஸ் மெசேஜைத்தான் மூணாவது தடவையா கேட்டுக்கிட்டு இருப்பார். "இந்த மாசம் எவ்வளவு கமிட் பண்றே? நம்பர் சொல்லுப்பா, கதை வேணாம்!"

அவர்தான் சேல்ஸ் டிரெய்னி. ப்ரொபேஷனில் இருப்பவர். போன வருஷம் இதே நேரம் உங்க காலேஜ் கேன்டீனில் கடன் சொல்லி டீ குடிச்சுக்கிட்டு இருந்தவர்.

'அது நமக்கு எதுக்கு பாஸ்?' என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். பைனல் இயர் முடிக்கிற உங்களில் கணிசமான பேருக்கு முதல் ஆஃபர் லெட்டர் சேல்ஸில்தான் வரப்போகிறது. மெக்கானிக்கல் படித்தவருக்கு 'சேல்ஸ் இன்ஜினியர்' என்று பெயர். பி.காம். என்றால் 'மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்'. பயோகெமிஸ்ட்ரி என்றால் மெடிக்கல் ரெப். பெயர் எதுவானாலும் லெட்டரில் ஒரு வரி மட்டும் மாறவே மாறாது: 'முதல் மூன்று மாதம் (அல்லது ஆறு மாதம்) தகுதிகாண் பருவம்.' வீட்டில் அப்பா ஸ்வீட் வாங்கிக் கொடுத்து, அம்மா அந்த லெட்டரை சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார். அந்த ஒரு வரியை நீங்கள் மட்டும்தான் படித்திருப்பீர்கள்.

நானும் அந்த வரியோடு இந்த ரூட்டில் அலைந்தவன்தான். வெல்டிங் ராடு, கிரைண்டிங் வீல், கட்டிங் வீல்... இதுதான் என் பையில் இருந்த சரக்கு. முதல் 40 நாளில் நான் எடுத்த ஆர்டர் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். டக் அவுட்!

கதவைத் திறப்பவரும் காசு கொடுப்பவரும்

சேல்ஸ் என்றால் நம்ம மண்டையில் ஒரு படம் ஓடும். டை கட்டின ஒருத்தர் காலிங் பெல் அடிப்பார், வீட்டுக்குள் வந்து வாக்குவம் கிளீனரை ஓட்டிக் காட்டுவார், பத்து நிமிஷம் பேசி ஆர்டர் வாங்கிக்கொண்டு போவார். 1982-ல் தொடங்கின யுரேகா ஃபோர்ப்ஸ் நம் ஊரில் பிரபலப்படுத்தின படம் அது. அங்கே கதவைத் திறக்கிறவரே முடிவு எடுக்கிறவர். வேணும், வேணாம், ரெண்டில் ஒன்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

சிப்காட்டில் அந்தப் பருப்பு வேகாது. கும்மிடிப்பூண்டி சிப்காட் என்பது பெரும்பாலும் இரும்பு உலகம். ஃபர்னஸ், ரோலிங் மில், டி.எம்.டி. கம்பி, ஃபவுண்டரி, அதைச் சுற்றி கெமிக்கல், இன்ஜினீயரிங் யூனிட்டுகள். ஒரு மில்லுக்கு நீங்கள் கிரைண்டிங் வீல் விற்க வேண்டும் என்றால் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

முதலில் கேட். செக்யூரிட்டி அண்ணன் நோட்டை நீட்டுவார். பெயர், கம்பெனி, யாரைப் பார்க்கணும்? பெயர் தெரியாது என்றால் கதை அங்கேயே முடிந்தது. "பர்ச்சேஸ்ல போன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு வாங்க தம்பி." பல கம்பெனிகளில் வெண்டர்களைப் பார்க்க வாரத்தில் ஒரு நாள், ரெண்டு மணி நேரம் என்று ஒதுக்கியிருப்பார்கள். அது தெரியவே உங்களுக்கு ரெண்டு விசிட் ஆகும். உள்ளே போனால் பர்ச்சேஸ் ஆபீசர் கேட்லாக்கை வாங்கி, ஏற்கெனவே இருக்கும் முப்பது கேட்லாக்குக்கு மேலே வைப்பார். சரக்கு நல்லாயிருக்கா இல்லையா என்று சொல்லவேண்டியவர் அவர் இல்லை. அது ஷாப் ஃப்ளோரில் இருக்கும் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். அவர் ஓகே சொன்னால் சாம்பிள் டிரையல். டிரையல் ரிப்போர்ட் வந்தால் ஸ்டோர்ஸில் இருந்து இன்டென்ட். அப்புறம் மூணு கொட்டேஷன் கேட்பார்கள். அப்புறம் ரேட் பேசுவார்கள். நீங்கள் புது வெண்டர் என்பதால் ஜி.எஸ்.டி. நம்பர், கேன்சல் பண்ணின செக், ஃபாரம் எல்லாம் கொடுத்து வெண்டர் கோடு வாங்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் அந்தத் தங்கக் காகிதம், பர்ச்சேஸ் ஆர்டர். சுருக்கமாக பி.ஓ.!

இதில் ஒருத்தர் லீவு போட்டாலும் ஒரு வாரம் போச்சு. ஷட்டவுன் வந்தால் மெயின்டனன்ஸ் ஆட்கள் தலைநிமிர்ந்து பார்க்கவே மாட்டார்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் யார் கையிலும் கொட்டேஷன் கொடுக்க முடியாது. (ஆனால் பொரி, சுண்டல் கிடைக்கும். செக்யூரிட்டி அண்ணன் முதல் ஸ்டோர்ஸ் சார் வரை எல்லோரும் சிரித்த முகமாக இருக்கும் நாள் அது. பையைத் திறக்காமல் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் உங்களை ஞாபகம் இருக்கும்.)

40-வது நாள் எனக்கு இதைப் புரிய வைத்தவர் ஒரு ஸ்டோர்ஸ் கீப்பர். "தம்பி, உன் வீல் நல்லாத்தான் ஓடுது. ஆனா போன வாரம்தான் நாலு மாச ஸ்டாக் இறக்கியிருக்கோம். அது தீர்ந்தாதான் இன்டென்ட் போட முடியும். உன் மேல தப்பில்ல, எங்க மேலயும் தப்பில்ல" என்றார். அன்றைக்கு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் ப்ரொபேஷன் மூணு மாசம். அவர்கள் ஸ்டாக் நாலு மாசம். ரெண்டு காலண்டர், ரெண்டும் வேற வேற சுவரில் தொங்குது!

ப்ரொபேஷன் டென்ஷனில் பாதி இந்தக் காலண்டர் குழப்பம்தான் என்பது என் கட்சி. ஆர்டர் வரவில்லை என்றதும் நாம் என்ன நினைக்கிறோம்? 'எனக்குப் பேசத் தெரியலை', 'இங்கிலீஷ் வரலை', 'நான் இதுக்கு லாயக்கில்லை.' உண்மையில் ஆர்டர் எங்கேயோ ஒரு டேபிளில் உட்கார்ந்திருக்கிறது. எந்த டேபிள் என்று உங்களுக்கே தெரியாததுதான் பிரச்னை. உங்களுக்கே தெரியாதபோது சென்னை ஆபீஸில் இருக்கும் மேனேஜருக்கு எப்படித் தெரியும்?

இன்டர்னல் மார்க் இல்லாத பரீட்சையா?

காலேஜில் செமஸ்டர் பரீட்சையில் சொதப்பினாலும் இன்டர்னல் மார்க் கைகொடுக்கும். அசைன்மென்ட், அட்டெண்டன்ஸ், டெஸ்ட் என்று ஏதோ ஒன்று காப்பாற்றும். சேல்ஸில் எக்ஸ்டர்னல் என்பது ஆர்டர். அது உங்கள் கையில் முழுசாக இல்லை. இன்டர்னல் உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் அதை நீங்களே எழுதிக் காட்டினால்தான் உண்டு.

ஒரு சாதாரண லாங் சைஸ் நோட் போதும். கம்பெனி ஆப்பில் டெய்லி ரிப்போர்ட் போடுகிறேனே என்பீர்கள். அது கம்பெனிக்கு. வேலையை விட்டு நின்ற அன்று லாகின் போய்விடும். நோட் உங்களுக்கு. ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு பக்கம். மேலே கம்பெனி பெயர். கீழே தேதி போட்டு யாரைப் பார்த்தேன், என்ன சொன்னார், அடுத்து எந்த டேபிள், எப்போது போகணும். இப்போது எந்த வீல் ஓடுகிறது, யாரிடம் வாங்குகிறார்கள், ஸ்டாக் எப்போது தீரும். இந்தக் கடைசிக் கேள்வியை பர்ச்சேஸில் கேட்டால் பதில் வராது. ஸ்டோர்ஸில் கேட்டால் வரும். மரியாதையாகக் கேட்டால், டீயோடு சேர்ந்தே வரும்.

கணக்கையும் நேர்மையாகப் போடுங்கள். மாசத்துக்கு 25 வேலை நாள் என்றால் மூணு மாசத்துக்கு 75 நாள். ஒரு நாளைக்கு அஞ்சு விசிட் என்று வைத்தால் 375. 'அடேங்கப்பா, 375 கஸ்டமரா!' என்று மேனேஜர் சொல்வார். இல்லை சார். ஒரே இடத்துக்கு நாலு, அஞ்சு தடவை போனால்தான் கொட்டேஷன் வரைக்கும் போகும். அப்போது உண்மையில் உங்கள் கையில் இருப்பது 75, 80 கம்பெனிதான். அதில் எத்தனை பேருக்கு உங்கள் சரக்கு தேவைப்படும், எத்தனை பேர் டிரையல் எடுப்பார்கள், எத்தனை பேர் ஆர்டர் போடுவார்கள்? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் என் 40 நாள் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

இன்னொரு விஷயம், ரூட். மேப்பில் பார்த்தால் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி ரெண்டும் ஒரே மாவட்டம். அதனால் சென்னை ஆபீஸில் இருப்பவர் 'காலையில் காக்களூர் எஸ்டேட், மதியம் சிப்காட்' என்று பிளான் போட்டுக் கொடுத்துவிடுவார். ரெண்டும் வேற வேற ரயில் லைன் சாமி! ஒன்று அரக்கோணம் பக்கம், மற்றது கூடூர் பக்கம். ரயிலில் போகணும் என்றால் சென்னைக்கே திரும்பி வந்து மாற வேண்டும். குறுக்கே போகணும் என்றால் பஸ்ஸோ பைக்கோ பிடித்து ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கம் வெயிலில் காய வேண்டும். நான் ரெண்டு மாசம் இப்படி அலைந்து பெட்ரோலுக்கும் இளநீருக்கும் சம்பளத்தைக் கரைத்தேன். அதன் பிறகு நாளைப் பிரித்துக்கொண்டேன்.

அப்படிப் பிரித்ததில் ஒரு லாபமும் தெரிந்தது. காக்களூர் மாதிரி சிறு தொழில் பேட்டைகளில் முதலாளியே மெஷின் பக்கத்தில் நிற்பார். பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், மெயின்டனன்ஸ் எல்லாம் அவர் ஒருத்தர்தான். "ரெண்டு பாக்ஸ் குடுத்துட்டுப் போப்பா" என்று நின்ற இடத்திலேயே சொல்வார். ஆர்டர் சின்னது, ஆனால் சீக்கிரம் வரும். (பேமென்ட் சீக்கிரம் வரும் என்று நான் சொல்லவில்லை!) மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர், தேர்வாய்கண்டிகையில் மிஷெலின் என்று பெரிய பெயர்களும் இதே மாவட்டத்தில் இருக்கின்றன. பெரிய பெயரைப் பார்த்து ஆசைப்படுவது சரி. ஆனால் எவ்வளவு பெரிய கம்பெனியோ அவ்வளவு நீளமான பர்ச்சேஸ் வரிசை. ப்ரொபேஷன் முடிவதற்குள் அது நகரும் என்று நம்பி உட்காரக்கூடாது. சின்ன இடத்தில் ரன் எடுத்துக்கொண்டே பெரிய இடத்தில் விதை போடணும்.

மொழி? தமிழோடு தெலுங்கில் நாலு வார்த்தையும் ஹிந்தியில் நாலு வார்த்தையும் பழகிக்கொள்ளுங்கள். ஆந்திரா பார்டர் பக்கத்திலேயே இருக்கு. ஷாப் ஃப்ளோரில் பீகார், ஒடிசா பசங்க ஏராளம். வீல் எப்படி ஓடுது என்று உண்மையைச் சொல்லப் போவது மெஷினில் நிற்கும் அந்தத் தம்பிதான். பி.பி.ஓ. இங்கிலீஷ் இல்லை என்று கவலைப்பட்டவர்கள் சிப்காட்டில் கவலைப்பட வேண்டாம்.

ரிவ்யூ நாள்!

சனிக்கிழமை சாயந்திரம். எல்லோரும் வட்டமாக உட்கார, மேனேஜர் ஒவ்வொருத்தராக எழுப்பி நம்பர் கேட்பார். காலேஜ் வைவாவைவிட பயங்கரம். "இந்த வாரம் ஜீரோவா? சம்பளம் மட்டும் ஜீரோ ஆகாது, இல்ல?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கும்போது முகத்தை எங்கே வைப்பது என்றே தெரியாது. என் மேனேஜர் கெட்டவர் கிடையாது. அவருக்கு மேலே ஒருத்தர் திங்கட்கிழமை இதையே கேட்பார், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் நம் வாயில் இருந்து தானாக வரும் ஒரு வாக்கியம்: "அடுத்த வாரம் கண்டிப்பா வந்துடும் சார்." இதைத்தான் சொல்லாதீர்கள் என்கிறேன். வராது. வராதபோது இன்னொரு பொய் வேண்டும். அதற்குப் பதில் நோட்டைத் திறங்கள். "சார், 22 இடத்துல கொட்டேஷன் குடுத்திருக்கேன். அதுல ஆறு இடத்துல டிரையல் முடிஞ்சிருக்கு. ரெண்டு இடத்துல ரேட் பிரச்னை, நாலு இடத்துல ஸ்டாக் தீரணும். இந்த ரெண்டு மில்லுக்கு நீங்க ஒரு தடவை வந்து ரேட் பேசினா முடிஞ்சிடும்." இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. இப்போது பந்து அவர் கோர்ட்டில்! பெரும்பாலான மேனேஜர்கள் ஒரு காலத்தில் இதே பையைத் தூக்கினவர்கள்தான். கூட வருவார்கள்.

அதே மாதிரி முதல் வாரத்திலேயே கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கு. டார்கெட் என்பது எதைக் கணக்கில் வைத்து? பி.ஓ. வந்தாலே கணக்கா, பில் போட்டால் கணக்கா, இல்லை பணம் வசூலானால்தான் கணக்கா? 30 நாள், 45 நாள், 60 நாள் கடனில் நடக்கும் ஊர் இது. வசூல்தான் கணக்கு என்றால், ரெண்டாவது மாதக் கடைசியில் எடுத்த ஆர்டர் உங்கள் ப்ரொபேஷனுக்குள் எண்ணப்படாமலே போகலாம். வாயால் கேட்டுவிட்டு, "சார், நீங்க சொன்னபடி இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்" என்று ஒரு மெயிலும் போட்டுவையுங்கள். நாலு வரி போதும். பின்னால் யாராவது 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்றால் அந்த நாலு வரி பேசும்.

சொந்தக் காசில் டார்கெட்?

கொஞ்சம் சீரியஸான ஏரியாவுக்கு வருவோம்.

மாசக் கடைசி. நம்பர் குறைகிறது. பக்கத்து சீட் சீனியர் காதோரமாக ஒரு ஐடியா கொடுப்பார். "டீலர்கிட்ட சொல்லி பில்லைப் போட்டுடு, அடுத்த மாசம் ரிட்டர்ன் எடுத்துக்கலாம்." இல்லை என்றால், "உன் காசுல நாலு பாக்ஸ் எடுத்து வச்சுக்கோ, அப்புறம் வித்துக்கலாம்." மளிகை, சோப்பு, பிஸ்கட் லைனில் இருக்கும் பசங்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். கடைக்காரர் தலையில் சரக்கைக் கொட்டிவிட்டு வருவதற்கு 'டம்ப்' என்று பெயரே இருக்கிறது.

என் கூடச் சேர்ந்த ஒருத்தர் அப்படித்தான் அம்மாவின் வளையலை அடகு வைத்து சரக்கு எடுத்தார். அந்த மாசம் கைதட்டு வாங்கினார். அடுத்த மாசம்? டார்கெட் இன்னும் ஏறியது. ஏனென்றால் 'போன மாசம் பண்ணினியே!' அவர் ரூமில் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகள் அப்படியே இருந்தன. கடைசியில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு ஊருக்குப் போனார். வளையல் மூழ்கிப்போனதா, மீட்டாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

இது நம்ம ஊர் சமாசாரம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ என்று ஒரு பெரிய வங்கி. ஊழியர்களுக்குக் கொடுத்த டார்கெட் நெருக்கடியில், வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர்கள் பெயரில் லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் விஷயம் வெடித்தபோது 18.5 கோடி டாலர் அபராதம். 2020-ல் இன்னும் 300 கோடி டாலர் கட்டி சமரசம். தலைவர் பதவி விலகினார், சரிதான். ஆனால் அதற்கு முன்பே சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிழந்திருந்தார்கள். பொய் நம்பரைக் கேட்டவரைவிட, பொய் நம்பரை எழுதினவர் கை முதலில் மாட்டும். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து.

போகாத கேட்டுக்குப் போனதாக எழுதுவதும் இதே ரகம்தான். 'எல்லாரும் பண்றாங்க' என்பார்கள். ஆனால் எந்த மில்லுக்கு உண்மையில் போனோம், எதற்குப் போகவில்லை என்று உங்களுக்கே குழம்பிப்போகும் நாள் வரும். அன்றைக்கு நோட்டும் போச்சு, நிம்மதியும் போச்சு.

லெட்டரை எடுத்துப் படிங்க

ப்ரொபேஷன் என்றால் உரிமையே கிடையாது என்று நினைக்கிறவர்கள் அதிகம். அப்படி இல்லை. மெடிக்கல் ரெப் போன்ற விற்பனை ஊழியர்களுக்காக 1976-லேயே தனிச் சட்டம் வந்தது. முதலில் மருந்து லைனுக்கு மட்டும் இருந்ததை 2011-ல் குளிர்பானம், பிஸ்கட், பெயின்ட், எலெக்ட்ரிகல், ஆட்டோமொபைல் உதிரிபாகம் என்று இன்னும் பத்துத் தொழில்களுக்கு நீட்டினார்கள். இப்போது அந்தச் சட்டம் தனியாக இல்லை. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டது. அந்தத் தொகுப்புகள் வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள். வேலையை விட்டு நீக்கினாலும், நீங்களே ராஜினாமா செய்தாலும், பாக்கிச் சம்பளம் ரெண்டு வேலை நாளுக்குள். 'டார்கெட் முடிக்கலை, அதனால போன மாச சம்பளம் கிடையாது' என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வராதீர்கள். இன்சென்டிவ் வேற, சம்பளம் வேற. பி.எஃப். சட்டத்திலும் ப்ரொபேஷன் என்று ஒரு விலக்கு கிடையாது.

பாண்டு என்று ஏதாவது நீட்டினால் மட்டும் ரெண்டு தடவை படியுங்கள். 'அதெல்லாம் கோர்ட்டில் நிக்காது மச்சி' என்று சொல்லும் ஃப்ரெண்டை நம்பாதீர்கள். மூணு வருஷம் முடிக்காமல் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்டணும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அது அரசு வங்கி விஷயம். ஆனாலும் கையெழுத்து கையெழுத்துதான். ஒரிஜினல் சர்ட்டிபிகேட் கேட்டால் ஜெராக்ஸ் கொடுங்கள். டிரெய்னிங் ஃபீஸ், டெபாசிட் என்று உங்களிடமே பணம் கேட்டால் அது வேலையே இல்லை, நீங்கள்தான் அங்கே கஸ்டமர்!

தோழிகளுக்குத் தனியாக ஒன்று. சிப்காட் பக்கம் சேல்ஸுக்கு வரும் பெண்கள் எண்ணிக்கை கொஞ்சம்தான், அதனாலேயே சில இடங்களில் பார்வையும் பேச்சும் சரியிருக்காது. கஸ்டமர் கம்பெனியில் நடந்ததை நம் கம்பெனியில் எப்படிச் சொல்வது, ப்ரொபேஷனில் இருக்கும்போது சொன்னால் வேலை போய்விடுமே என்று பலர் விழுங்கிவிடுகிறார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் வருடச் சட்டம் இதை யோசித்தே எழுதப்பட்டிருக்கிறது. வேலை நிமித்தமாக நீங்கள் போகும் இடமும், கம்பெனி அனுப்பும் வண்டியும்கூட பணியிடம்தான். ப்ரொபேஷனர், டிரெய்னி, அப்ரண்டிஸ் எல்லோரும் அந்தச் சட்டத்தில் ஊழியர்தான். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன இடம் என்றால் மாவட்ட அளவில் குழு உண்டு. மூணு மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். தேதியோடு எழுதும் அந்த நோட் இங்கேயும் உதவும்.

வீட்டுக்கு என்ன சொல்வது?

இந்தக் கேள்விதான் பலரையும் ராத்திரி தூங்கவிடாமல் பண்ணும். அப்பா போன் பண்ணி "எப்படிப்பா போகுது?" என்பார். "சூப்பர்ப்பா!" என்போம். ஊரில் சித்தப்பா, மாமா எல்லோரிடமும் 'பையன் சென்னையில பெரிய கம்பெனில' என்று சொல்லி வைத்திருப்பார்கள். வேலை போனால் அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் டார்கெட்டைவிடப் பெரிய டார்கெட்.

முதல் மாதமே உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. "அப்பா, இது மூணு மாச டெஸ்ட். பாஸும் ஆகலாம், நீட்டிக்கவும் செய்யலாம், வேணாம்னும் சொல்லலாம்." நான் அறுபதாவது நாள்தான் சொன்னேன். அப்பா ரெண்டு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், "ரூம் வாடகைக்குப் பணம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகத் தூங்கினேன்.

கையில் ஒரு மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் தனியாக வைத்துக்கொள்வதும் இதோடு சேர்ந்ததுதான். காசு இருந்தால் மேனேஜர் குரல் கொஞ்சம் சின்னதாகக் கேட்கும்! மதியம் சாப்பிடாமல் கேட் கேட்டாக அலையாதீர்கள். அந்த ஃபர்னஸ் சூட்டில் மயக்கம் வந்து விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் அழுகை வருகிறது, செத்துப்போகலாமா என்றுகூடத் தோன்றுகிறது என்றால், அது 'சேல்ஸ்னா அப்படித்தான்' இல்லை. 14416-க்குப் போன் பண்ணுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை. 2022 அக்டோபரில் ஆரம்பித்தார்கள். இலவசம், எந்நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

90-வது நாள் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். கன்ஃபர்மேஷன் வரவில்லை. வேலையும் போகவில்லை. நோட்டை வாங்கி ரெண்டு மூணு பக்கம் புரட்டிய மேனேஜர், "இன்னும் மூணு மாசம் பாரு" என்று நீட்டித்து ஒரு லெட்டர் கொடுத்தார். அதே சம்பளம்தான். 104-வது நாள், அந்த ஸ்டோர்ஸ் கீப்பர் இருந்த மில்லில் இருந்து போன் வந்தது. நாலு மாச ஸ்டாக் கொஞ்சம் சீக்கிரமே தீர்ந்துவிட்டதாம். என் முதல் பெரிய பி.ஓ. 18,400 ரூபாய். ஸ்டேஷனுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தே போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. "இவ்ளோதானா?"